திரையைக் கொஞ்சம் திருப்புங்கள், ஆபீசர்

பெறுநர்: அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை.
பொருள்: ஐ-94 வருகைப் பதிவுக்குப் பாராட்டும், கூடவே ஒரு விண்ணப்பமும்.

மதிப்பிற்குரிய ஆபீசர் அவர்களுக்கு,

எச்1பி விசாவில் பிழைக்க வந்தவர்கள், எச்4 விசாவில் கூட வந்த மனைவி மக்கள் எல்லோர் சார்பிலும் எழுதுகிறேன். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் வரிசையில் கால்கடுக்க நின்றதுதான் தகுதி.

முதலில் நன்றி. 2013 வரை விமானத்தில் வருகிறவர்களுக்கு ஐ-94 என்று ஒரு வெள்ளைச் சீட்டு இருந்தது. நாங்கள் நிரப்புவோம், நீங்கள் தேதி போட்டுப் பாஸ்போர்ட்டில் வைத்து ஸ்டேப்ளர் அடிப்பீர்கள். தப்பு இருந்தால் அந்த இடத்திலேயே கண்ணில் பட்டுவிடும், நகராமல் நின்று கேட்டுவிடலாம். அந்தத் தொல்லையை ஒழித்துவிட்டீர்கள். பதிவு இப்போது கணினிக்குள் இருக்கிறது. பல விமான நிலையங்களில் முத்திரையும் கிடையாது. வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடினால்தான் எந்த வகையில் உள்ளே விடப்பட்டோம், எந்தத் தேதி வரை என்பதெல்லாம் தெரியும்.

தேடுவதும் லேசுப்பட்டதல்ல. எங்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் இனிஷியலும் தன் பெயரும்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், இருக்கிற ஒரே பெயரை விசாவில் அங்கே தூக்கி வைத்துவிட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சடிக்கிறார்கள். முதற்பெயர் தெரியாதாம்! முருகனாகவும் செல்வியாகவும் சென்னையில் ஏறியவர்கள் நியூவார்க்கில் எஃப்என்யுவாக இறங்குகிறார்கள். பிறகு எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் போட்டால் பதிவு வெளியே வரும் என்று மாற்றி மாற்றித் தட்ட வேண்டியதுதான்.

உங்கள் தாராள குணத்தையும் சொல்லியாக வேண்டும். கணவனுக்கு மூன்று வருடம் தருகிறீர்கள். பக்கத்தில் நிற்கும் மனைவியின் பாஸ்போர்ட்டில் பழைய பி2 சுற்றுலா விசா ஒன்று கிடந்தால் போதும், சில சமயம் அவரை ஊர் சுற்ற வந்தவராகப் பதிந்து ஆறே மாதத்தில் முடித்துவிடுகிறீர்கள். எச்4 விசா எத்தனை வருடத்துக்கு இருந்தாலும் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை ஐ-94தான் முடிவு செய்கிறது. கவனிக்காமல் விட்டால் ஏழாம் மாதம் அவர் அனுமதி இல்லாமல் தங்கியவர் ஆகிவிடுவார். அப்படி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியே போனால் மூன்று வருடம் திரும்பி வர முடியாது. ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடம். 1996ஆம் ஆண்டு போட்ட சட்டம் இது. தவறாகத் தட்டியது உங்கள் விரல், தண்டனை எண்ணப்படுவது எங்கள் நாள்காட்டியில்.

பிள்ளைகள் விஷயத்தில் பிழைகூட வேண்டியதில்லை. இந்தியக் குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் பொதுவாக ஐந்து வருடம். பெற்றோரின் அனுமதிக்கு முன்பே அது காலாவதியாவதாக இருந்தால், அந்த நாளையே ஐ-94இன் கடைசி நாளாகப் போட்டுவிடுகிறீர்கள். அப்பாவும் அம்மாவும் மூன்று வருடம் இருக்கலாம், கிண்டர்கார்டன் போகும் மகள் மட்டும் வருகிற சித்திரையில் கிளம்பிவிட வேண்டும்! புதுப் பாஸ்போர்ட் வாங்கினாலும் அந்தத் தேதி தானாக நீளாது. ஐ-539 படிவம் போட வேண்டும், இல்லையென்றால் குழந்தையை நாட்டுக்கு வெளியே கூட்டிப்போய்த் திரும்ப வர வேண்டும். விதி அப்படித்தான் என்பீர்கள். சரி. ஆனால் அதைக் கவுன்டரிலேயே ஒரு வார்த்தை சொன்னால் விதி கோபித்துக்கொள்ளுமா?

திருத்துவதற்கு டெஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகங்கள் வைத்திருக்கிறீர்கள். உங்கள் பிழையை அங்கே கட்டணமில்லாமல் திருத்துகிறார்கள், சில இடங்களில் மின்னஞ்சலிலேயே முடிந்துவிடுகிறது. இது பகடி இல்லை, மெய்யான பாராட்டு. ஆனால் தங்கும் காலத்தை நீட்டிக்கும்போது குடியேற்றச் சேவைத் துறை கொடுத்த ஐ-94இல் பிழை என்றால் இவர்கள் தொட மாட்டார்கள். அதற்கு வேறு துறை, ஐ-102 என்று வேறு படிவம். இரண்டு துறைகளும் ஒரே உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கின்றன. பேச்சுவார்த்தை அறுந்த பங்காளிகள் போலிருக்கிறது.

கைரேகை எடுக்கிறீர்கள், கேமராவைப் பார்க்கச் சொல்கிறீர்கள். எல்லாம் செய்கிறோம். 'நெக்ஸ்ட்' என்று கூப்பிடுவதற்கு முன்னால் அந்தத் திரையை ஒரு நொடி எங்கள் பக்கம் திருப்புங்கள். பெயர், விசா வகை, கடைசித் தேதி, இந்த மூன்றையும் நாங்களே சரிபார்த்துச் சொல்லிவிடுகிறோம். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
எஃப்என்யு

பின்குறிப்பு, நம்மவர்களுக்கு: திரை திரும்பும் என்று காத்திருக்காதீர்கள். ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும், வீட்டில் உள்ள எல்லோருடைய ஐ-94ஐயும் அந்த வாரமே தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். குழந்தையுடையதை முதலில்.