தகரத்துக்கும் ஒரு முகம் வேண்டாமா? – மாமா பதில்கள்

அமெரிக்க கார்களைப் பார்த்தாலே கொட்டாவி வருகிறதே, ஏன் மாமா?
– ஜவுளிக்கடைக்காரர், கள்ளக்குறிச்சி

வரைகிறவர் ஒருவர், திருத்துகிறவர்கள் ஒன்பது பேர். கடைசியில் கணக்குப்பிள்ளை வந்து, "போன வருஷத்துக் கதவே மிச்சம் கிடக்கே" என்பார். அந்தக் கதவுக்கு ஏற்ற கார்தான் ஷோரூமுக்கு வருகிறது.

அவர்களுக்கு அழகுணர்ச்சியே கிடையாதா?
– ஓவிய ஆசிரியை, சின்னசேலம்

இருந்தது டீச்சர், தேவைக்கு மேலேயே இருந்தது! 1927-லேயே ஹார்லி எர்ல் என்பவரை அழைத்து, கார் அழகுக்கென்று தனி இலாகா போட்டது ஜெனரல் மோட்டார்ஸ். முழுக் காரையும் முதலில் களிமண்ணில் பிசைந்து பார்க்கும் வழக்கத்தைப் பரப்பியவர் அவர்தான். போர் விமானத்தின் வாலில் மயங்கி, 1948 காடிலாக்கின் பின்பக்கம் இரண்டு சின்ன வால் முளைக்க வைத்தார்கள். 1959-க்குள் அவை ஆள் உயரத்துக்குப் போட்டி போட்டன. பறக்கவில்லை என்பதுதான் ஒரே குறை.

ஹென்றி ஃபோர்டு கறுப்பைத் தவிர வேறு நிறமே தரமாட்டேன் என்றாராமே?
– பெயின்ட் கடை ஊழியர், தியாகதுருகம்

மாடல் டி 1908-ல் வந்தது. முதலில் வேறு நிறங்களும் இருந்தன. 1914 முதல் 1925 வரைதான் கறுப்பு மட்டும். ஒரே நிறம், ஒரே உருவம், ஒரே வரிசை. விலை மளமளவென்று இறங்கியது, ஒன்றரைக் கோடி வண்டி விற்றது. சலிப்பில் காசு இருக்கிறது என்று டெட்ராயிட் கற்ற முதல் பாடம் அது. இன்று நமக்கு எத்தனையோ நிறம் இருக்கிறது. ரோட்டில் ஓடுவதெல்லாம் வெள்ளையும் சாம்பலும். ஃபோர்டு கட்டாயப்படுத்தியதை நாம் காசு கொடுத்துச் செய்கிறோம்.

கல்வராயன் மலைக்கு டவேரா ஓட்டுகிறேன். அமெரிக்க வண்டி என்று மீசையை முறுக்கலாமா?
– ஓட்டுநர், கரியாலூர்

முறுக்குங்கள் தம்பி, மீசை உங்களுடையது. வண்டி ஜப்பான்காரருடையது! டவேராவின் பூர்விகம் இசுசு பாந்தர். செவர்லே ஸ்பார்க், கொரியாவின் தேவூ மட்டீஸ். அதை வரைந்தது இத்தாலி. செவர்லே என்ஜாய், சீனத்து வூலிங். பெயர் தந்த லூயி செவர்லேயே பிறந்தது சுவிட்சர்லாந்தில். மூக்கில் மின்னும் தங்க நிற 'போ டை' சின்னம் மட்டும் அசல் அமெரிக்கா.

அந்த செவர்லே கம்பெனிதான் கடையைக் கட்டிவிட்டதே?
– அதே ஓட்டுநர்

விடமாட்டீரே! 2013-ல் புகைக் கணக்கு உதைத்ததால் 1.14 லட்சம் டவேராவைத் திரும்ப அழைத்தார்கள். 2017 கடைசியில் இந்திய விற்பனைக்கே முழுக்கு. உம்முடைய கேரியரில் மரவள்ளி மூட்டை, பின்சீட்டில் கல்யாணக் கோஷ்டி. கம்பெனிதான் பாதி வழியில் இறங்கிவிட்டது.

அமெரிக்கன் வரைந்ததில் உருப்படியானது ஒன்றாவது உண்டா?
– டீக்கடை உரிமையாளர், வெள்ளிமலை

உங்கள் கடை வாசலில் நிற்கிறதே, ஜீப்! 1940-ல் அமெரிக்க ராணுவம் 49 நாளில் மாதிரி வண்டி கேட்டது. பான்டம் என்ற சின்னக் கம்பெனிக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் சில நாளில் படத்தை முடித்தார். கடைசியில் ஜீப்புக்கு வாய்த்தது தட்டைப் பானெட், மடங்கும் கண்ணாடி, நேர் மட்கார்டு. உங்கள் டீ கிளாஸை அந்தப் பானெட் மேல் வைத்துப் பாருங்கள், சரியாது. இன்றைய கார் மேல் வைத்தால் கிளாஸுக்கும் சேர்த்துக் காசு கேட்பீர்கள். அழகுபடுத்த யாருக்கும் நேரமில்லை. அழகு தானாகவே ஓடிவந்து தொற்றிக்கொண்டது.

அந்த ஜீப் முகத்தை மகிந்திரா காப்பியடித்ததாக அமெரிக்காவில் வழக்கு நடந்ததா?
– சட்டக் கல்லூரி மாணவி, சங்கராபுரம்

நடந்தது வக்கீலம்மா. வண்டி பெயர் ராக்ஸர். 2018-ல் ஜீப்பின் சொந்தக்காரரான ஃபியட் கிரைஸ்லர் முறையிட்டது. 2020-ல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் ஜீப் பக்கம் சாய்ந்தது. மகிந்திரா முகத்தை மாற்றிக்கொண்டு மறுபடி அனுமதி வாங்கியது. ஒன்றைக் கவனியுங்கள்: திருட்டுப் போய்விடுமோ என்று அவர்கள் பதறியது 80 வருஷத்துக்கு முந்திய முகத்துக்காக. மற்றப் பல மாடல்களைத் திறந்து போட்டாலும் திருட ஆளில்லை.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலை மூடியதற்கும் டிசைன்தான் காரணமா?
– பேருந்து நடத்துநர், உளுந்தூர்பேட்டை

முழுப் பழியும் அதன்மேல் போட்டால் பாவம். 1999-ல் வந்த ஐகானும், 2013-ல் ஸ்டெப்னியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்த எகோஸ்போர்ட்டும் நம்மைத் திரும்பிப் பார்க்க வைத்தவை. அப்புறம் புது மாடல் கேட்டவனுக்குப் புது பம்பரைக் காட்டினார்கள். பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று 2021 செப்டம்பரில் கை விரித்தார்கள். 2022 ஜூலையில் கடைசிக் கார். உங்கள் சென்னை பஸ் அந்த வாசலை இன்றும் தாண்டுகிறது. ஸ்டாப்பிங் இருக்கிறது, கார்தான் இல்லை.

திரும்பி வருகிறார்களாமே?
– ஐ.டி.ஐ. மாணவர், கச்சிராயபாளையம்

ஆமாம். 2025 அக்டோபரில் தமிழக அரசோடு ஒப்பந்தம்: 3,250 கோடி ரூபாய், 2029 முதல் வருஷத்துக்கு 2.35 லட்சம் எஞ்சின். கார் அல்ல, எஞ்சின்! பானெட்டுக்கு அடியில் கிடப்பதை அழகில்லை என்று எவன் சொல்வான்? படித்த பிள்ளைகள்.

மகன் டெக்சாஸில் இருக்கிறான். வீட்டில் இரண்டே பேர், வாசலில் லாரி அளவுக்கு வண்டி. ஏன் இப்படி?
– கரும்பு விவசாயி, மூங்கில்துறைப்பட்டு

எல்லாம் கோழியால் வந்த வினை ஐயா. அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரி போட்டது. பதிலுக்கு அதிபர் ஜான்சன் வெளிநாட்டுச் சின்ன லாரிகளுக்கு 25 சதவீதம் வரி போட்டார், 1964-ல் அமலுக்கு வந்தது. கோழி ஆறிப் போனது, லாரி வரி இன்னும் ஆறவில்லை. போட்டியில்லாத இடத்தில் பிக்கப் லாபம் கொழித்தது. 2018-ல் ஃபோர்டு, வட அமெரிக்காவில் மஸ்டாங் தவிர சாதாக் கார்களுக்கு விடை கொடுப்பதாக அறிவித்தது. பஞ்சாரத்துக்குள் யானை வளர்ந்த கதை இதுதான்.

டெஸ்லாவின் சைபர்டிரக் புதுமைதானே?
– வெல்டிங் பட்டறை, எலவனாசூர்கோட்டை

சந்தேகமில்லை. துருப்பிடிக்காத எஃகு, ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு. 2023-ல் கைக்கு வந்தது. 2025-ல், பசை விட்டு ஓரத் தகடு கழன்று விழலாம் என்று 46,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். உங்கள் பட்டறையில் நாலு பொட்டு வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

நம் அம்பாசடர் மட்டும் என்ன வாழ்ந்தது?
– ஓய்வு பெற்ற தாசில்தார், திருக்கோவிலூர்

சபாஷ், சரியான இடத்தில் குத்தினீர்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை 1957-ல் எடுத்து 2014 வரை ஓட்டினோம். அமெரிக்கன் பம்பரையாவது மாற்றினான். நாம் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று எண்ணக் கற்றுக்கொண்டோம்.

நம் மரச்சிற்பிகளை டெட்ராயிட்டுக்கு அனுப்பினால் என்ன?
– கைவினைப் பொருள் வியாபாரி, கள்ளக்குறிச்சி

2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கைகள், அனுப்பலாம். ஆனால் தகராறு வரும். சிற்பிக்குத் தாளமானம்தான் கணக்கு: முகத்தை அளவாக வைத்துத்தான் உடம்பையே வகுப்பார். அங்கே லாபத்தை வகுத்துவிட்டு, மீதி இருந்தால் முகம்.

கடைசியாக, டிசைனைப் பார்த்துக் கார் வாங்கலாமா?
– புது மாப்பிள்ளை, கல்லாநத்தம்

இதுவரை யார் வாங்கினார்கள், மாப்பிள்ளை? "எவ்வளவு கொடுக்கும், ரீசேல் நிற்குமா, ஸ்பேர் கிடைக்குமா" என்பதோடு நம் நேர்காணல் முடிந்துவிடுகிறது. கேட்காதவனுக்கு எந்தக் கம்பெனியும் மெனக்கெட்டு வரையாது. அடுத்த தடவை ஷோரூமில், "இதை யாருங்க வரைஞ்சது?" என்று கேட்டுப் பாருங்கள். சேல்ஸ்மேன் மேனேஜரைக் கூப்பிடுவார். மேனேஜர் லோன் போடுகிற பையனைக் கூப்பிடுவார்.