சிக் ரிப்போர்ட்

சுண்ணாம்புக்கல் பூமியான அரியலூரில், மாசி மாதத்திலேயே துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு திரிந்த பயலை, எழுபதுகளின் நடுவில், ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்து வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில், விடிகாலை விசிலுக்கு அரைக்கால் சட்டையோடு ஓடவிட்டால் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? 1758இல் தொடங்கிய படைப்பிரிவில் சேர்ந்துவிட்ட பெருமையில் தும்மலைக்கூட விறைப்பாக நின்றுதான் தும்மினேன். காய்ச்சல் அந்த மரியாதையையெல்லாம் பார்க்கவில்லை.

உடம்பு சரியில்லை என்று சொல்லவே அன்றைக்குத் தனித் துணிச்சல் வேண்டும். காலையில் 'சிக் ரிப்போர்ட்' வரிசையில் நின்றால், பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் மேலும் கீழும் பார்க்கிற பார்வையிலேயே பாதிப் பேருக்குக் குணமாகிவிடும். மீதிப் பேர் எம்.ஐ. ரூம் என்ற மருத்துவப் பரிசோதனை அறைக்குப் போவோம். தலைவலி, சளி, கணுக்கால் சுளுக்கு, ஊர் நினைப்பு எல்லாவற்றுக்கும் ஏ.பி.சி. மாத்திரைதான். எங்களைக் காப்பாற்றியதாக நாங்கள் நம்பிய அந்த மாத்திரையில் இருந்த பினாசிட்டின் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று 1983இல் நாட்டிலேயே தடை போட்டார்கள்.

காய்ச்சல் இறங்காமல் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த சுகம் இருக்கிறதே! சிவப்புக் கம்பளி, ரொட்டி, சுடுபால். வெளியே மைதானத்தில் கூட்டாளிகள் 'ஏக், தோ, ஏக்' என்று தரையை உதைக்கிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே புரண்டு படுத்த சுகத்தை, பின்னால் வாங்கிய எந்தப் பதக்கமும் தரவில்லை. நாள் கூடினால் அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்களே என்ற பயம் மட்டும் பாலோடு சேர்ந்து இறங்கும்.

வீட்டுக்கு இன்லண்டு லெட்டர் போட்டேன். அது 'அரியலூர், திருச்சி ஜில்லா'வைத் தேடிப் போய், அம்மா கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்து, அப்பா பதில் எழுதி, அந்தப் பதில் மலையேறி வந்து சேர்ந்தபோது நான் சேற்றில் ஊர்ந்துகொண்டிருந்தேன். எனக்குக் காய்ச்சல் இருந்த நாளில் அவர்களுக்குக் கவலை இல்லை. அவர்கள் கவலைப்பட்ட நாளில் எனக்குக் காய்ச்சல் இல்லை.

இப்போது அரியலூர் தனி மாவட்டம். 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அதே ஆண்டு வந்த அக்னிபத் திட்டத்தில், நான்காண்டுச் சேவைக்கு அக்கா பேரன் போயிருக்கிறான். அவனுக்குத் தொண்டை கட்டியது. போன் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை வாய்தவறிச் சொல்லிவிட்டான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நிலவேம்பு, ஆவி, மிளகுப்பால் என்று வைத்தியம் குவிந்தது. "கேமராவத் திருப்புடா சாமி, பிளாஸ்க்குல வெந்நி இருக்கான்னு பாக்கணும்" என்றாள் அக்கா. உஸ்தாத்துக்கே அஞ்சாத பையன் திருதிருவென்று விழித்தான்.

வசதி வந்தது நல்லதுதான். நிம்மதியாகக் காய்ச்சலில் கிடக்கிற பாக்கியம்தான் போய்விட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளையும் பயிற்சியில் படுத்திருந்தால், ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போனை வையுங்கள். மருந்தை ராணுவம் கொடுக்கும். தூக்கத்தை நாம் கெடுக்காமல் இருந்தால் போதும்.