சில்ட்ரன் துரையின் பாம்பு

மெல்போர்ன்

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் "வீட்டில் ஏதும் விசேஷம் உண்டா?" என்று நீ கேட்டபோது மழுப்பினேன். விசேஷம் உண்டு. இப்போதைக்கு ஒரு முழ நீளம்.

பிள்ளைகள் நாய்தான் கேட்டார்கள். உன் மருமகளுக்கு நாய், பூனை முடி பட்டால் தும்மல் நிற்காது. "முடியே இல்லாத பிராணி ஒன்று இருக்கு" என்றான் உன் பேரன். நான் மீனாக்கும் என்று நினைத்து, சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அமெரிக்க வீடியோவில் பார்த்த ஆரஞ்சு நிறக் கார்ன் ஸ்நேக்தான் வேண்டும் என்றான். அதை இங்கே வளர்த்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், பாம்பை மட்டும் அல்ல. வெளிநாட்டுப் பாம்புக்கு ஆஸ்திரேலிய வீடுகளில் இடம் கிடையாது. விசா வாங்கி வந்தது நாம் மட்டும்தான். உள்ளூர்ப் பாம்புக்கும் அரசாங்க லைசென்ஸ் வேண்டும். காட்டில் பிடித்து வரக்கூடாது, வளர்ப்பில் பொரித்த குட்டியாக இருக்க வேண்டும்.

உன் மருமகள் போட்ட நிபந்தனை இரண்டு: விஷம் கூடாது, கோபம் கூடாது. கடையில் கார்பெட் பைத்தானைக் காட்டினார்கள். இரண்டு மீட்டர் தாண்டி வளருமாம். "இருக்கிற கார்பெட்டைக் கூட்டவே ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டாள். அடுத்து வந்ததன் பெயர் சில்ட்ரன்ஸ் பைத்தான். குழந்தைகளுக்கென்றே பார்த்து வைத்த பெயர் என்று நானும் மகிழ்ந்து காசைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு உன் பேத்தி படித்துச் சொல்கிறாள்: பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் என்று ஒரு துரை இருந்தாராம். அவருக்குப் பின் அதே பதவிக்கு வந்த கிரே, 1842-இல் இந்தப் பாம்புக்கு அவர் பெயரை வைத்தாராம். குழந்தைகளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆனாலும் குணம் தங்கம். ஒரு மீட்டருக்கு மேல் அதிகம் வளராது. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி என்று கண்ணாடிப் பெட்டி. எனக்குக்கூட ஹீட்டரை அணைத்துவிடுகிற உன் மருமகள் அதற்கு மட்டும் அணைப்பதில்லை. சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தூக்கக்கூடாது, கக்கிவிடும். பிள்ளைகள் இந்த ஒரு விஷயத்தில்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷம் இருக்குமாம். பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. அவள் கல்யாணமாகிப் போன பிறகும் இது நம் வீட்டில்தான் இருக்கும்.

பால் வைத்தாயா என்று கேட்பாய். பாம்பு பால் குடிக்காதம்மா. உறையவைத்த எலியை வெந்நீரில் போட்டு, சூடு ஏறியதும் இடுக்கியால் நீட்ட வேண்டும். வாரம் ஒரு தடவை, அவ்வளவுதான். நம் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறை சொல்லாத ஜீவன் இது ஒன்றே.

அப்பாவிடம் இப்போது சொல்லாதே. டிக்கெட்டை ரத்து செய்துவிடுவார். தை மாதம் நீங்கள் வரும்போது ஃப்ரீஸரில் நீலமூடி டப்பாவை மட்டும் திறக்காதே. அது உன் மருமகள் அரைத்து வைத்த தேங்காய் இல்லை.

உன் அன்பு மகன்