பனிராணியும் ஜாகீர்தாரும்

2019 நவம்பர் 22ஆம் தேதி, விரலசைத்தால் பனியரண்மனை எழுப்பும் எல்சா என்னும் டிஸ்னி ராணி, ஸ்ருதி ஹாசனின் சாரீரத்தை இரவல் பெற்று, ‘ஃப்ரோசன் 2’ சித்திரப்படத்தில் தமிழ் பேச எழுந்தருளினாள். சரியாக நான்கு தினங்கள் கழித்துக் கள்ளக்குறிச்சியும் தனி ஜில்லாவாகப் பட்டாபிஷேகம் கண்டது. (விரலசைவில் கலெக்டர் காரியாலயம் எழுப்பும் வித்தையை மட்டும் அவள் நம்மவர்க்குக் கற்பிக்கவில்லை.) 1976 வரையில் மெய்யாகவே ஜாகீர்தார்கள் ஆண்டு, குடிகள் கூலியின்றி அவர்களுக்கு ஊழியம் செய்துவந்த, அந்த ஜில்லாவின் கல்வராயன் மலையிலும், இன்று குழந்தைகள் கைப்பேசியில் இவளைத் தரிசித்து, ராஜ்யமென்றால் பாட்டும் பளபளப்பும் பேசும் பனிமனிதனுமே என்று பரவசமடைகிறார்கள்; அரண்மனைக் கொல்லையில் விறகு பிளந்தவன் யார் என்று பக்கத்தில் அமர்ந்த பாட்டனார் கேட்பாராயின், படம் ஓடும்போது பேசலாகாதென்று அவரை அதட்டிவிடுவார்கள்.