டிசம்பரில் ஜெர்மன் சந்தை

கேள்வி: மகன் லைப்சிக் நகரில் படிக்கிறான். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க வா என்கிறான். கையில் காசு குறைவு. போகலாமா?
– வாசகி, பேகம்பூர், திண்டுக்கல்.

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா! கூப்பிட ஆள் இருக்கும்போதே போய்விட வேண்டும்.

முதலில் தேதி. பெரும்பாலான சந்தைகள் நவம்பர் கடைசியில் தொடங்கி, டிசம்பர் 24-க்குள் கடையைக் கட்டிவிடும். கிறிஸ்துமஸ் முடிந்து போனால் பூட்டைத்தான் பார்க்கலாம். அதற்குத் திண்டுக்கல்லே போதுமே! டிசம்பர் முதல் பாதியில், வார நாட்களில் போங்கள். கூட்டமும் கட்டணமும் குறைவு. ஜெர்மனி போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.

லைப்சிக் சந்தைக்கே 1458-இலிருந்து வரலாறு உண்டு. சுற்றிப் பார்க்க நுழைவுச்சீட்டு வேண்டாம். ஒரு நாள் டிரெஸ்டனுக்கும் போய் வாருங்கள். 1434-இல் தொடங்கிய ‘ஷ்ட்ரீட்சல்மார்க்ட்’ என்ற கிறிஸ்துமஸ் சந்தை அங்கேதான். அதிவேக ரயிலில் ஏறாதீர்கள். ‘ஸாக்ஸன் டிக்கெட்’ என்ற ஒருநாள் சீட்டு எடுத்தால், சாதாரண ரயில்களில் போய்த் திரும்பலாம். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே அது செல்லும். கூட வருபவருக்குச் சேரும் தொகையும் கொஞ்சம்தான்.

குளிருக்குச் சூடாகக் குடிக்க ‘கிண்டர்புன்ஷ்’ கேளுங்கள். பழச்சாறும் மசாலாவும் உண்டு, மது கிடையாது. குவளைக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொள்வார்கள். பதற வேண்டாம், திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். கம்பளிச் சட்டையை மட்டும் இரவல் வாங்கியாவது எடுத்துப் போங்கள். மகனுக்குப் பிரியாணி மசாலா கட்டிக்கொண்டு போனால், ராத்திரி ஓட்டல் செலவும் மிச்சம்.