மனசுக்கும் தடைக்காலம்

கேள்வி: வீடு, கடன், வாட்ஸ்அப் என்று மனசு ஓயாமல் அலைகிறது. எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தபிறகு தியானத்தில் உட்காரலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
– வாசகர், கோட்டைப்பட்டினம்

பதில்: அலை ஓய்ந்து தலைமுழுகுகிற கதைதான்! ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் உங்கள் ஊர் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றனவே, கடனெல்லாம் அடைந்துவிட்டதாலா? மீன் இனம் பெருகத்தான் அந்தத் தடைக்காலம். படகைப் பழுது பார்ப்பதும் வலையைச் சரிசெய்வதும் அப்போதுதான். உங்கள் மனசுக்கும் தினம் அரைமணி தடைக்காலம் போடுங்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். மூச்சை மட்டும் கவனியுங்கள். நினைப்பு ஓடினால் திட்டாமல் திருப்பிக் கூட்டிவாருங்கள். ஒரே குறை, மீனவர்களுக்குத் தருவதுபோல் இதற்கு அரசு நிவாரணத்தொகை கிடையாது. வட்டிக்காரர் வந்தால் மட்டும் கண்ணைத் திறந்துவிடுங்கள்!