மேகத்தை முகப்புக்கு எழுந்தருளச் செய்தல்: ஒரு முன்னாய்வு

மூலவர் யார், உற்சவர் யார் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த நாட்டில், 'ஷார்ட்கட்' மட்டும் விளங்காமல் போனது எப்படி? இவ்வாய்வு எழுப்பும் வினா இதுவே.

மேகச் சேமிப்பான கூகுள் டிரைவைக் கணினியில் நிறுவினால், பெரும்பாலும் 'ஜி' என்ற எழுத்தைச் சூடித் தனி டிரைவாக அமரும். ஒன்டிரைவும் டிராப்பாக்ஸும் பயனர் கோப்புறைக்குள் குடியிருக்கும். தரிசிக்க வேண்டுமானால் பிரகாரம் பிரகாரமாக உள்ளே போகவேண்டும். சோம்பேறி பக்தருக்காகச் சாமியே வாசலுக்கு, அதாவது டெஸ்க்டாப் என்னும் முகப்புக்கு, வருவதுதான் ஷார்ட்கட். ஆப்பிள் இதை 1991-இல் 'ஏலியாஸ்' என்று மேக்கில் புகுத்தியது. விண்டோஸில் 1995-இல் வந்தது.

எழுந்தருளச் செய்வதில் இரு மரபுகள் உண்டு. சோழர் காலத்து வலங்கை, இடங்கைப் பூசல் இங்கே மவுஸ் பித்தானில் தொடர்கிறது. வலங்கையார் கோப்புறைமேல் வலது பித்தானை அழுத்தி, 'சென்ட் டு' போய், 'டெஸ்க்டாப்' என்பதைத் தொடுவர். விண்டோஸ் 11-இல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்றொரு திட்டிவாசலையும் கடக்கவேண்டும். இடங்கையார் ஆல்ட் விசையைப் பிடித்தபடி, இடது பித்தானால் கோப்புறையை இழுத்து முகப்பில் போட்டுவிடுவர். பலன் ஒன்றுதான். ஆகவேதான் சண்டை ஓயவில்லை.

விண்டோஸில் இப்படி வந்த உருவின் இடப்பக்கக் கீழ்மூலையில் சின்ன வளைந்த அம்பு இருக்கும். நான் அசல் இல்லை என்று உற்சவரே இட்டுக்கொண்ட நாமம் அது. கவனிக்காதவருக்கு வேறு பொருளில் நாமம்.

கள ஆய்வுக்கு என் மாமா உதவினார், அவர் அறியாமலே. வீட்டுக் கடன் பத்திரங்கள் இருந்த கோப்புறையின் ஷார்ட்கட்டை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அங்கே திறக்கவில்லை. அளவு பார்த்தால் 2 கேபி.

"வீட்டுல நல்லாத்தானே தம்பி தொறந்துச்சு?"

"சார், இது வெறும் அட்ரஸ் சார். ஆளு வரல."

இந்த வரையறையை மிஞ்சி நான் எழுத ஒன்றுமில்லை. பக்க எண்ணிக்கைக்காகத் தொடர்கிறேன்.

அத்தையின் பிழை இதற்கு நேர்மாறு. முகப்பிலிருந்த கூகுள் டிரைவ் ஷார்ட்கட்டை அழித்துவிட்டு, கல்யாண போட்டோவெல்லாம் போயிற்று என்று இரவெல்லாம் அழுதார். ஒன்றும் போகவில்லை, உற்சவர் கண்ணில் படாவிட்டாலும் மூலவர் அசைவதில்லை. தைரியம் வந்த அத்தை, மறுபடி ஷார்ட்கட் வைத்து, அதைத் திறந்து, உள்ளிருந்த படங்களையே அழித்தார். இம்முறை நிஜமாகவே போயின. உற்சவர் வழியாக உள்ளே நுழைந்தால் நிற்பது கருவறையில். நல்லவேளை, கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் பொறுக்கும். மாமா 29-ஆம் நாள் போன் செய்தார்.

இறுதியாக ஒரு சிக்கல். ஒன்டிரைவில் பேக்கப்பை இயக்கினால், டெஸ்க்டாப் கோப்புறையே ஒன்டிரைவுக்குள் போய்விடும். அப்போது முகப்பில் வைத்த ஒன்டிரைவ் ஷார்ட்கட்டும் ஒன்டிரைவுக்குள்தான் இருக்கும். அதைத் திறந்தால் ஒன்டிரைவ்; அதற்குள் டெஸ்க்டாப்; அதற்குள் அதே ஷார்ட்கட். நேற்றிரவு பதினேழாம் பிரகாரம்வரை போனேன். மின்சாரம் போய்விட்டது.